வீடற்ற இளையோருக்காக ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு

வீடற்ற இளையோருக்கு 2,000 பவுண்ட் திரட்டித் தர வேண்டும் என்று நெடுநாளாக மனத்தில் வைத்திருந்த இலக்குக்காக, இங்கிலாந்தின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை சைக்கிள் மிதித்து முடித்து, நேற்றுத்தான் லண்டன் திரும்பினேன். நான் போன, 1994-இல் திறக்கப்பட்ட சீ டூ சீ (கடலிலிருந்து கடலுக்கு) என்ற சைக்கிள் பாதை, கம்ப்ரியாவில் உள்ள வைட்ஹேவன் துறைமுகத்தில் தொடங்கி, ஏறக்குறைய 140 மைல் கடந்து டைன்மவுத்திலோ சண்டர்லாண்டிலோ முடிகிறது. திரளும் பணம், 16 முதல் 25 வயது வரையிலானவர்களுக்குத் தங்குமிடமும் படிப்புக்கும் வேலைக்கும் உதவியும் தரும் சென்டர்பாயிண்ட் அறக்கட்டளைக்குப் போகிறது. 1969 டிசம்பரில் லண்டன் சோஹோவில், ஒரு தேவாலயத்தில் இரவுத் தங்குமிடமாகத் தொடங்கிய அமைப்பு அது.

பயணச் செலவு முழுவதும் என் கைக்காசாகவே இருக்க வேண்டும், நன்கொடையில் ஒரு பென்னியைக்கூடத் தொடக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். ஆகவேதான் ரயிலில் நடந்ததை என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சைக்கிளுக்கு இடம் பதிவு செய்த சீட்டைக் காட்டியும், அந்த இடத்தில் பயணிகளின் பெட்டிகள் அடுக்கப்பட்டிருப்பதாகச் சொல்லி ஊழியர் என்னை ஏற்ற மறுத்துவிட்டார். அடுத்த ரயிலில் போனதால் இணைப்பு ரயில் தவறியது. கடைசிச் சில மைல்களுக்குப் பிடித்த டாக்ஸியின் ஓட்டுநரோ, முதலில் பேசிய 30 பவுண்டை, இறங்கும்போது சைக்கிளைக் காரணம் காட்டி 45 ஆக்கினார். அந்த 15 பவுண்ட் ஓர் இளைஞனின் ஒரு வாரப் பேருந்துச் செலவுக்கு உதவியிருக்கும் என்று அவரிடமே சொன்னேன். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

கெஸிக், பென்ரித் வரையிலான ஏரி மாவட்ட அழகைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் சொல்ல விரும்புவது ஹார்ட்சைடு ஏற்றத்தைப் பற்றி. 580 மீட்டர் உயரத்துக்கு வளைந்து வளைந்து ஏறும் அந்தச் சாலையில், எதிரே கொட்டிய மழையில் கையுறை நனைந்து விரல்கள் மரத்துப்போய், கியர் மாற்றுவதற்கே உள்ளங்கையால் அழுத்த வேண்டியிருந்தது. உச்சியில் இருந்த புகழ்பெற்ற தேநீர்க்கடை 2018-இல் தீக்கிரையாகிவிட்டது. பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் போகிறவர்கள் சூடான பானத்தைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

அன்று மாலை நென்ட்ஹெட் அருகே ஒரு மலிவு விடுதியில் கிடைத்த உணவைப் போல் நான் அண்மையில் எங்கும் சாப்பிட்டதில்லை: பருப்பும் கிழங்கும் சேர்த்த கெட்டியான சூப், வெட்டும்போதே ஆவி பறந்த ரொட்டி, கேட்காமலே இரண்டாவது கிண்ணம், எல்லாம் சேர்த்து 8 பவுண்ட்தான். என் சட்டையில் இருந்த வாசகத்தைப் படித்த விடுதிக்காரப் பெண்மணி, தன் மகனின் பள்ளித் தோழன் ஒரு குளிர்காலம் முழுவதும் தங்கள் வீட்டு சோபாவில் படுத்திருந்ததையும், காலையில் யாரும் எழுவதற்கு முன்பே போர்வையை மடித்து, தன் காலணியையும் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுவான் என்பதையும் சொல்லிவிட்டு, உண்டியலில் 20 பவுண்ட் போட்டார்.

நன்கொடை கேட்டபோது என் சித்தப்பா, "தாய் தகப்பனிடம் திரும்பிப் போனால் ஆகாதா?" என்று கேட்டார். பெற்றோர் இனி வைத்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்வதே இளையோர் பலர் வீடிழக்கும் முதன்மைக் காரணமாக இருக்கும்போது, திரும்பிப் போவதற்கு எந்த வீடு இருக்கிறது? 2018 ஏப்ரலில் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த வீடின்மைக் குறைப்புச் சட்டப்படி, உதவி கேட்டு வரும் இளைஞனின் நிலையை நகராட்சி மதிப்பிட்டுத் திட்டம் வகுத்துத் தர வேண்டும். ஆனால் முன்னுரிமைப் பிரிவில் வராதவனுக்கு அன்றிரவு படுக்க இடம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. 16, 17 வயதினருக்கு முன்னுரிமை உண்டு. 18 ஆனதும், காப்பகத்தில் வளர்ந்தவர்கள் போன்ற சிலரைத் தவிர மற்றவர்கள் தங்கள் நலிவைத் தாங்களே நிரூபிக்க வேண்டும். அதற்கும் மேலாக, தனியாக வாழும் 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகையின் அடிப்படைத் தொகையே குறைவு. கடையில் பாலுக்கும் ரொட்டிக்கும் வயது பார்த்து விலை குறைப்பதில்லை. இந்த விதியை நான் வெளிப்படையாகவே அநியாயம் என்பேன்.

பார்க்ஹெட்டிலிருந்து கான்செட் வரை பழைய ரயில் பாதையில் இறங்கும் பகுதி மட்டும் ஏற்றங்களின் வேதனை அனைத்தையும் மறக்கச் செய்துவிடும். 1980-இல் எஃகு ஆலை மூடப்பட்ட அந்த ஊரைத் தாண்டினால், டைன்மவுத் வரை பெரும்பாலும் இறக்கமும் ஆற்றோரமும்தான்.

போக விரும்புகிறவர்கள் மேற்கிலிருந்து கிழக்காகவே போங்கள். காற்று பெரும்பாலும் முதுகுப்பக்கமிருந்து வீசும். இலக்குக்கு இன்னும் 310 பவுண்ட் தேவைப்படுவதால், நன்கொடைப் பக்கத்தை இம்மாத இறுதி வரை திறந்து வைத்திருக்கிறேன். பிரிட்டனில் வருமான வரி கட்டுகிறவர்கள் கிஃப்ட் எய்ட் கட்டத்தில் மறக்காமல் குறியிடுங்கள். நீங்கள் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸை அரசு கூடுதலாக அறக்கட்டளைக்குத் தரும், உங்களுக்கு ஒரு செலவும் இல்லை.