நீலகிரி மேல பறக்கும்போது கார்புரேட்டர்ல பனிக்கட்டி

கோவையில இருந்து சின்ன விமானத்துல நீலகிரிப் பக்கம் போறவங்க முதல்ல கவனிக்க வேண்டியது, இஞ்சினுக்குக் காத்தையும் பெட்ரோலையும் கலந்து தர்ற கார்புரேட்டரைத்தான். பனிக்கட்டி பிடிக்க வெளிய உறைபனி வேணும்னு இல்ல. குன்னூர்ல மேகம் படுத்திருக்கிற 18 டிகிரி காலையே போதும். பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டருக்குள்ள வெப்பம் 20 டிகிரிக்கு மேல இறங்கலாம். காற்றுல இருக்கிற ஈரம் காத்து வழியைத் திறந்து மூடுற த்ராட்டில் தகட்டுல உறைஞ்சு வழியை அடைச்சிடும்.

பிட்ச் (இறக்கையோட கோணம்) மாறாத புரொப்பல்லர்னா ஆர்பிஎம், அதாவது இஞ்சின் சுத்துற வேகம், சத்தமில்லாம வழுக்கும். உடனே கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குச் சூடான காத்தை அனுப்புற பிடி) முழுசா இழுங்க, பாதி வேண்டாம். ஆர்பிஎம் இன்னும் குறையும், இஞ்சின் உதறும். உருகின தண்ணி உள்ள போறதாலதான் அது. பயந்து திரும்ப உள்ள தள்ளிடாதீங்க, தயவுசெஞ்சு! பொறுத்தா தானா ஏறும்.

ஏறாம இஞ்சின் கைவிட்டுடுச்சுன்னா, செஸ்னா 172N மாடல்ல சறுக்குற வேகம் 65 நாட். ஃப்யூல் செலக்டர் (எந்த டேங்க்ல இருந்து பெட்ரோல் வரணும்னு மாத்துறது), மிக்சர் (பெட்ரோல்-காத்து கலவைக் கட்டுப்பாடு), மேக்னெட்டோ (தீப்பொறிக்கு மின்சாரம் தர்றது) மூணையும் பாருங்க. குன்னூர் மேல, கடல்மட்டத்துல இருந்து 8,500 அடியில இருந்தா, காற்று இல்லாதப்போ சுமார் 20 கி.மீ. சறுக்கலாம். மேட்டுப்பாளையம் நேர்கோட்டுல ஏறக்குறைய 17. எதிர்காத்து அடிச்சா அந்த மிச்சமும் போயிடும்.

அவலாஞ்சிப் பக்கம் அதே உயரத்துல சமவெளி எட்டவே எட்டாது. அங்க புல்மேடுதான், அதுவும் சரிவுல மேல்நோக்கி இறங்கணும். தேயிலைத் தோட்டம் மேலிருந்து மெத்துனு தெரியும். கீழ கவ்வாத்து பண்ணின கட்டைத் தண்டும் சில்வர் ஓக் மரமும்தான். குந்தா நீர்மின் நிலையத்து மின்கம்பி கண்ணுக்குத் தெரியாது, கோபுரத்தைத் தேடுங்க. கடக்கணும்னா கோபுரத்துக்கு நேர் மேலயே கடந்துடுங்க.