அம்மாவின் ரிப்போர்ட்டில் இரண்டு யூரியா

திங்கட்கிழமை ரிப்போர்ட்டில் அம்மாவுக்கு 'பிளட் யூரியா', அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய யூரியா என்ற கழிவு ரத்தத்தில் இருக்கும் அளவு, 58. பக்கத்தில் தடித்த எழுத்தில் 'அதிகம்'. மறுநாள் வேறொரு லேபில் எடுத்ததில் 27. ஒரே ராத்திரியில் பாதியாகிவிட்டதே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அப்புறம்தான் பார்த்தேன், அந்த 27-க்குப் பக்கத்திலும் 'அதிகம்' என்றே இருந்தது.

இரண்டாவது தாளில் இருந்தது பியுஎன். அதாவது, யூரியாவுக்குள் இருக்கும் நைட்ரஜனின் அளவு மட்டும். அதை 2.14-ஆல் பெருக்கினால் யூரியா வந்துவிடும். 27-ஐப் பெருக்கிப் பாருங்கள், அதே 58. ஒரு புள்ளிகூட இறங்கவில்லை! பெரியவர்களுக்குப் பியுஎன் பொதுவாக 7 முதல் 20 மி.கி./டெ.லி.; லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும்.

"கிட்னி போச்சாடா?" என்று கேட்டார் அம்மா.

டாக்டர் முதலில் தேடியது, சிறுநீரகம் வெளியேற்றும் இன்னொரு கழிவான கிரியேட்டினினை. 0.9, சரியாகத்தான் இருந்தது. பியுஎன்னை அந்த 0.9-ஆல் வகுத்தால் 30. இது 20-ஐத் தாண்டினால், உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா என்று பார்ப்பார்களாம். வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிந்தாலும் இப்படி ஏறும் என்பதால், மலம் கறுப்பாகப் போனதா என்றும் கேட்டார். இல்லை.

அம்மா இரண்டு நாள் வாந்தி பேதியில் கிடந்தவர். அதிலும், அடிக்கடி எழுந்திருக்க வேண்டுமே என்று தண்ணீரைத் தொடவே இல்லை. நீர் குறைந்தால் சிறுநீரகம் இருப்பதை இழுத்துப் பிடிக்கும். யூரியாவும் கூடவே ரத்தத்துக்குத் திரும்பிவிடும்.

ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். பத்து நாள் கழித்துப் பியுஎன் 14. இந்த முறை தாளில் எந்தப் பெயர் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அம்மாவிடம் சொன்னேன்.