ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் எஞ்சி நிற்கும் சுவர்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரின் ஓக்லேண்ட் பகுதியில், பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கு எதிரே, கொடி படர்ந்த செங்கல் சுவர் ஒன்று நிற்கிறது. பைரேட்ஸ் பேஸ்பால் அணி 1909 முதல் 1970 வரை ஆடிய ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானத்தின் எல்லைச் சுவர் அது. நான் அங்கே போனது 36 என்ற ஓர் எண்ணுக்காக.

1912ஆம் ஆண்டு, இந்த அணியின் ஓவன் வில்சன் ஒரே பருவத்தில் 36 ட்ரிபிள்கள் அடித்து, அமெரிக்காவின் இரு பெரிய பேஸ்பால் லீகுகளுள் ஒன்றான நேஷனல் லீகில் முதலிடம் பெற்றார். இன்றுவரை எவரும் அந்த எண்ணைத் தொட்டதில்லை. ஓட்டப் பாதையின் நான்கு நிலைகளான பேஸ்களுள் மூன்றாவதை ஒரே அடியில் ஓடிச் சேர்வதே ட்ரிபிள். பந்து வேலியைத் தாண்டிவிட்டால் அது ஹோம் ரன், அடித்தவர் நிதானமாகவே சுற்றி வரலாம். ட்ரிபிளுக்கோ பந்து மைதானத்துக்குள்ளேயே வெகுதூரம் போய்க் கிடக்க வேண்டும். அதை எடுத்து எறிவதற்குள் அடித்தவர் 270 அடி தூரம் ஓடி மூன்றாவது பேஸைச் சேர்ந்துவிட வேண்டும். இந்த விளையாட்டில் ஓட்டத்தின் அழகை இதைவிட முழுமையாகக் காட்டும் தருணம் வேறில்லை என்பது என் எண்ணம்.

முதலில் பல்கலைக்கழகத்தின் போஸ்வர் ஹாலுக்குள் சென்றேன். அடிப்பவர் நின்று ஆடும் இடத்தைக் குறிக்கும், மைதானத்தின் ஹோம் பிளேட்டைத் தரையில் பதித்துக் கண்ணாடியால் மூடி வைத்திருக்கிறார்கள். மாணவர்கள் அதைக் கடந்து வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வெளியே வந்து சுவரை நோக்கி நடந்தேன். நெடுநேரம் நடந்த பின்னரே, சுவரில் எழுதியிருந்த 457 என்ற எண் தெளிவாகத் தெரிந்தது. ஹோம் பிளேட்டிலிருந்து அந்த இடம் 457 அடி, அதாவது ஏறக்குறைய 139 மீட்டர். இந்தச் சுவர் வில்சனின் காலத்துக்குப் பிறகு எழுப்பப்பட்டதுதான். ஆனால், அவர் ஆடிய நாளிலும் மைதானத்தின் நடுப்பகுதி இப்படித்தான் பரந்து கிடந்தது. அவருடைய 36இல் 24 இந்த மைதானத்தில் வந்தவை என்பதைப் படித்தபோது வியந்திருக்கிறேன். நடந்து பார்த்தபோதுதான் அதன் காரணம் விளங்கியது.

இருந்தாலும், எல்லாப் புகழையும் மைதானத்துக்கே கொடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. மூன்று முறை லீகில் ட்ரிபிள் முதலிடம் பிடித்திருந்த ஹோனஸ் வாக்னர் அதே ஆண்டில் அதே அணிக்காக அடித்தது 20. வில்சனும்கூட வேறெந்தப் பருவத்திலும் 14ஐத் தாண்டவில்லை. அந்த ஓர் ஆண்டில் மட்டும் அவருடைய மட்டையும் காலும் மைதானத்தின் அகலமும் ஒன்றாகப் பொருந்தின என்றே நினைக்கிறேன்.

அவருக்குப் பின்னரும் இந்த மண் ட்ரிபிள்களை வழங்கிக்கொண்டுதான் இருந்தது. 1925இல் கிக்கி கைலர் 26 அடித்து முதலிடம் பெற்றார். பால் வேனர் 1926இல் 22, அடுத்த ஆண்டில் 18 என்று தொடர்ந்தார். மைதானம் மூடப்படுவதற்கு முந்தைய ஆண்டான 1969இல், 35 வயதை எட்டிய ராபர்ட்டோ கிளெமென்டே 12 ட்ரிபிள்களுடன் லீகின் முதலிடத்தில் இருந்தார். 1972இன் கடைசி நாளில், நிலநடுக்கத்தால் சிதைந்த நிகராகுவாவுக்கு நிவாரணப் பொருள்களுடன் சென்ற விமானம் விபத்துக்குள்ளாகி அவர் இறந்தார். சுவரை ஒட்டிச் செல்லும் சாலைக்கு இன்று அவருடைய பெயர்.

புறப்படுவதற்கு முன், அந்தச் சாலையின் நடைபாதையில் 270 அடி தூரத்தைக் காலால் அளந்து நடந்தேன். எனக்கு நூற்றுப் பத்து எட்டுகள் ஆயின.