ஆண்டுப் பட்டியலுக்கு ஒரு நோட்டு

இந்த ஆண்டில் பிடித்த புத்தகம், படம், கச்சேரி என்று டிசம்பர் கடைசியில் யோசித்தால், தீபாவளிக்குப் பிறகு பார்த்ததும் படித்ததும்தான் முதலில் வந்து நிற்கும். பிப்ரவரியில் தூங்கவிடாமல் செய்த நாவல் அதற்குள் மங்கிப்போயிருக்கும். அதனால் பட்டியல் வேலை ஜனவரி முதல் வாரமே தொடங்க வேண்டும்.

ஒரு சாதாரண நோட்டு போதும். தேதி, பெயர், யாருடையது, எங்கே பார்த்தது, கூடவே ஒரே ஒரு வரி. அந்த வரியை மறுநாளுக்குள் எழுதிவிடுங்கள். ‘அருமை’ என்று எழுதி வைத்தால் பத்து மாதம் கழித்து அதில் ஒன்றுமே இருக்காது. ‘தோடி ராக ஆலாபனை, பஞ்சம ஸ்வரத்தைத் தொடாமலே வெகுநேரம்’ என்று இருந்தால் அந்த மாலை அப்படியே திரும்பி வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நோட்டைத் திறக்காமல் நினைவில் நிற்பவற்றைத் தனித்தாளில் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். தானாக நினைவுக்கு வந்தவற்றுக்கு ஒரு நட்சத்திரம். இரண்டு மூன்று நட்சத்திரம் வாங்கியவை ஏறக்குறைய பட்டியலுக்குள் வந்துவிட்டவை.

தமிழ்ப் புத்தகங்களில்தான் ஆண்டுக் கணக்கு அதிகம் குழப்பும். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியை ஒட்டி நடப்பதால் புதிய நூல்களில் பெரும்பகுதி டிசம்பரிலும் ஜனவரியிலும் குவிகிறது. டிசம்பரிலேயே கைக்கு வந்த நூலில் ‘முதல் பதிப்பு: ஜனவரி’ என்று அடுத்த ஆண்டின் எண்ணோடு அச்சாகியிருக்கும். நூலில் அச்சிட்டிருக்கும் ஆண்டையே எடுத்துக்கொள்வது நல்லது. வாசகர் சரிபார்க்க முடிவது அதைத்தான். ஆனால் ‘முதல் பதிப்பு’ என்ற சொல்லை மட்டும் நம்பிவிடக் கூடாது. முப்பது வருடப் பழைய நாவலை வேறு பதிப்பகம் வெளியிடும்போது, அவர்களுக்கு அது முதல் பதிப்பு என்பதால் அப்படியே போடுவதுண்டு. முன்னுரையின் அடியில் ஊரும் தேதியும் இருக்கும், அதைப் பாருங்கள். இரண்டு முன்னுரை இருந்தால் பழையதைப் பாருங்கள். மறுபதிப்புகளுக்குத் தனித் தலைப்பு கொடுப்பதே நியாயம். இல்லாவிட்டால் ஒரு செவ்வியல் நாவல் அந்த ஆண்டின் புது எழுத்தாளரை ஓரங்கட்டிவிடும்.

படத்துக்குத் தியேட்டரில் வெளியான தேதிதான் கணக்கு. தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழில் உள்ள தேதி உதவாது: பொங்கல் படம் டிசம்பரிலேயே சான்றிதழ் வாங்கியிருக்கலாம். திரைப்பட விழாவில் மட்டும் பார்த்ததை ‘விழாவில் பார்த்தது’ என்று குறித்துவிடுங்கள்.

கச்சேரி இன்னும் சிக்கல். கச்சேரிகள் குவியும் மார்கழி பாதி இந்த ஆண்டிலும் பாதி அடுத்த ஆண்டிலுமாக விழுகிறது. சீசன் சூடுபிடிக்கும்போது பட்டியலும் போட வேண்டுமென்றால் இரண்டுமே கெடும். டிசம்பர் 15 முதல் அடுத்த டிசம்பர் 14 வரை ஒரு இசை ஆண்டு என்று வைத்துக்கொண்டால் மார்கழி முழுசாக ஒரே பட்டியலுக்குள் வந்துவிடும். இந்தக் கணக்கைப் பட்டியலின் தலையிலேயே சொல்லிவிட வேண்டும்.

நவம்பரில் நெடும்பட்டியல், இருபத்தைந்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றையும் மறுபடி தொட்டுப் பாருங்கள்: புத்தகத்தில் நடுவிலிருந்து இருபது பக்கம், படத்தில் ஒரு காட்சி, ஆல்பத்தில் அதிகம் கேட்காத பாட்டு. முதல் பக்கங்களை மட்டும் புரட்டினால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும்; தொய்வு நடுவில்தான் இருக்கும். பத்தாகக் குறைத்தபின் ஒன்று, இரண்டு என்று எண் போடுவதைவிட அகர வரிசையில் தருவது மேல். ஒரு கவிதைத் தொகுப்பும் ஒரு துப்பறியும் நாவலும் எந்த அளவுகோலில் நாலாவது, ஐந்தாவது ஆகும்?

ஒவ்வொன்றுக்கும் எண்பது சொல் போதும், அதில் நோட்டிலிருந்த அந்த ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். மொழிபெயர்ப்பாளர் பெயர், ஒளிப்பதிவாளர் பெயர், வயலினும் மிருதங்கமும் வாசித்தவர்கள் பெயர் எதுவும் விடுபடக் கூடாது. பட்டியல்களில் அதிகம் நடக்கும் அநியாயம் இதுதான். எழுத்துக்கூட்டலை அட்டையைப் பார்த்து எழுதுங்கள். நண்பரின் நூலானாலும் இலவசமாக வந்த பிரதியானாலும் அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். வாங்கி வைத்தும் படிக்காத புத்தகங்களின் பெயர்களைப் புது நோட்டின் முதல் பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அச்சான ஆண்டோடு.