ஒரு வார்டை முழுசாகப் படியுங்கள்: குரூப் 1 மெயின்ஸும் எங்கள் பேரூராட்சித் தேர்தலும்

குரூப் 1 இறுதிப் பட்டியல் வந்துவிட்டது, அதில் என் பதிவெண் இருக்கிறது. ஃபோனில் கேட்பவர்கள் எல்லோரும் டைம்டேபிள், புத்தகப் பட்டியல், டெஸ்ட் பேட்ச் பற்றித்தான் கேட்கிறார்கள். அதை எழுதிய டாப்பர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரே ஒரு பகுதியைப் பற்றி மட்டும் எழுதப் போகிறேன்: உள்ளாட்சி. எனக்கு மெயின்ஸிலும் நேர்முகத் தேர்விலும் கைகொடுத்தது அதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

நான் சேர்ந்திருந்த பயிற்சி மையத்தில் இந்தப் பகுதி ஒரே மதியத்தில் முடிந்துவிட்டது. உள்ளாட்சி பற்றிப் பரிந்துரைத்த குழுக்கள்: பல்வந்த்ராய் மேத்தா 1957, அசோக் மேத்தா 1978, ஜி.வி.கே. ராவ் 1985, எல்.எம். சிங்வி 1986. அரசியலமைப்பில் ஊராட்சிகளின் பணிகள் பதினோராவது அட்டவணையில் 29, நகராட்சிகளுக்குப் பன்னிரண்டாவதில் 18. "இது போதும்மா, இதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்ல" என்றார் ஆசிரியர். பிரிலிம்ஸுக்குப் போதும், சரி. மெயின்ஸுக்கு இதை மட்டும் நம்பிப் போகிறவர்களைப் பார்த்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. நம் வீட்டு வாசலில் நடக்கிற அரசாங்கம் அது. அதைப் பட்டியலாக மனப்பாடம் செய்யச் சொல்வது மாணவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

என் முறை இதுதான். ஒரு வார்டை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் வார்டாகவே இருக்கட்டும். அதில் நடந்த ஒரு தேர்தலை வேட்புமனுவிலிருந்து செலவுக் கணக்கு வரை பின்தொடருங்கள். ஒவ்வொரு படியிலும் எந்தச் சட்டப்பிரிவு நிற்கிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். அப்புறம் நீங்கள் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

எனக்கு அந்த வார்டு வீட்டிலேயே கிடைத்தது. 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டு பெண்கள் (பொது) என்று ஒதுக்கப்பட்டது. அம்மா சுயேச்சையாக நின்றார். மனுத்தாக்கல் ஜனவரி 28 முதல் பிப்ரவரி 4 வரை, பரிசீலனை 5, வாபஸ் 7, வாக்குப்பதிவு 19, எண்ணிக்கை 22. தாள்களை நிரப்பிக் கொடுக்கிற வேலை என்னுடையது.

முன்மொழிபவராகத் தெருவில் தையல் மெஷின் வைத்திருக்கும் அக்காவைக் கேட்டிருந்தோம், அவரும் சந்தோஷமாகச் சம்மதித்தார். பேரூராட்சி அலுவலக வராந்தாவில் உட்கார்ந்து வாக்காளர் பட்டியலில் அவருடைய பாக எண்ணையும் வரிசை எண்ணையும் தேடினால், பெயரே இல்லை. பில் கலெக்டர்தான் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, அந்தக்கா வீடு தெற்கு வரிசைல்ல? அது பக்கத்து வார்டும்மா." தெரு ஒன்றுதான். வடக்கு வரிசை ஒரு வார்டு, தெற்கு வரிசை இன்னொரு வார்டு. வேட்பாளர் அந்தப் பேரூராட்சியின் எந்த வார்டில் வாக்காளராக இருந்தாலும் போதும், முன்மொழிகிறவர் மட்டும் போட்டியிடும் வார்டிலேயே வாக்காளராக இருக்க வேண்டும். அன்றே எதிர் வீட்டு அத்தையைக் கூட்டிப்போய்க் கையெழுத்து வாங்கினோம்.

வார்டு மறுவரையறை என்ற தலைப்பு அந்த வராந்தாவில்தான் எனக்குப் புரிந்தது. எந்த வரிசை வீடுகள் எந்த வார்டில் விழுகின்றன என்பதே ஒருவர் நிற்க முடியுமா, ஜெயிக்க முடியுமா என்பதை முடிவு செய்கிறது. 2021 அக்டோபரில் கோவை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி வார்டில் போட்டியிட்டவருக்கு ஒரே ஒரு வாக்கு விழுந்தது என்று நாடே சிரித்தது நினைவிருக்கும். அவருக்கும் குடும்பத்தாருக்கும் வாக்கு இருந்தது வேறு வார்டில். அந்தச் செய்தியில் சிரிக்க ஒன்றுமில்லை, படிக்க நிறைய இருக்கிறது.

வார்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் போட்ட குறிப்பு இப்படி இருந்தது. அப்படியே தருகிறேன்:

- ஊரே ஏன் பேரூராட்சி? அரசியலமைப்பின் 243கியூ பிரிவு. கிராமத்திலிருந்து நகரமாக மாறும் பகுதி.
- உறுப்பினர் நேரடித் தேர்தல்: 243ஆர். தலைவர் எப்படி என்பதை மாநிலச் சட்டம் முடிவு செய்யும்.
- அம்மா நின்ற வார்டின் ஒதுக்கீடு: 243டி (T, நகரம்), கிராமப்புற இணை 243டி (D). தமிழில் எழுதும்போது இரண்டும் ஒரே எழுத்தாக விழுகிறது. நகரத்துக்கு ஆங்கில அகரவரிசையின் 20-ஆவது எழுத்து, கிராமத்துக்கு 4-ஆவது. விடைத்தாளில் ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள்.
- அரசியலமைப்பு சொல்வது பெண்களுக்குக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. தமிழ்நாடு 2016 சட்டத் திருத்தத்தில் 50 சதவீதம்.
- வயது 21. சட்டமன்றத்துக்கு 25. குழப்பாதீர்கள்.
- நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம்: 243கே, நகரத்துக்கு 243இசட்ஏ. இந்தியத் தேர்தல் ஆணையம் அல்ல.
- டெபாசிட்: பேரூராட்சி உறுப்பினருக்கு 1,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 500.
- நகரத்தில் வாக்குப்பதிவு இயந்திரம். 2019 கிராமத் தேர்தலில் வாக்குச்சீட்டு, ஒரே வாக்காளருக்கு நான்கு நிறத்தில் நான்கு சீட்டு.
- 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழு: 243எஸ்.

தலைவர் தேர்தல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1996, 2001, 2011-இல் மேயரையும் நகராட்சி, பேரூராட்சித் தலைவர்களையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-இலும் 2022-இலும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் ஊராட்சித் தலைவர் மட்டும் நேரடித் தேர்தல்தான், அதுவும் கட்சிச் சின்னம் இல்லாமல். அம்மாவுக்காக ஓட்டுக் கேட்டுப் போனபோது, பாதி வீடுகளில் "சேர்மனுக்குத் தனி பட்டன் எங்கம்மா?" என்று கேட்டார்கள். வாக்காளருக்குச் சொல்லாமலே முறையை மாற்றிக்கொண்டிருக்கிறோம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. நேரடியா, மறைமுகமா என்று விவாதிக்கச் சொன்னால் இரண்டு பக்கமும் எழுதிவிட்டு, உங்கள் நிலைப்பாட்டைக் கடைசிப் பத்தியில் தெளிவாக வையுங்கள். நான் நேரடித் தேர்தல் பக்கம்.

இப்போது குடவோலை. எல்லோரும் எழுதுவார்கள், எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவார்கள். முதலாம் பராந்தகன், உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921, முப்பது குடும்பு (வார்டு), வயது 35 முதல் 70, கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு. இங்கே இரண்டு விஷயம் சேர்த்தேன். ஒன்று, அது நிலமுள்ள பிராமணர்களின் சபை. "உலகின் முதல் மக்களாட்சி" என்று பெருமையாக முடித்துவிடாதீர்கள். நிலமில்லாதவருக்கும் பெண்ணுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. இரண்டாவதுதான் முக்கியம். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் அந்தக் கல்வெட்டின்படி தகுதியிழக்கிறார்கள். இன்றைக்கும் உள்ளாட்சி வேட்பாளர், ஜெயித்தாலும் தோற்றாலும், முடிவு அறிவித்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்றாண்டுத் தகுதி நீக்கம். பேரூராட்சி உறுப்பினருக்குச் செலவு வரம்பு 17,000 ரூபாய்.

அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தார். நோட்டீஸ் அச்சுக்கூலி, ஆட்டோ வாடகை, மைக் செட், டீ, ஜெராக்ஸ். ஒவ்வொன்றுக்கும் பில்லைக் குண்டூசியால் குத்தி வைத்திருப்பார். தோற்றுப்போன பிறகும் அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கணக்கைக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டில் உட்கார்ந்தார். தெருவில் "தோத்ததுக்குக் கணக்கு எதுக்கு?" என்று கேட்டவர்களுக்கு, "நாளைக்கு நிக்கணும்ல" என்று மட்டும் சொன்னார். உத்திரமேரூர்க் கல்லையும் இந்தச் செலவுக் கணக்கு விதியையும் ஒரே பத்தியில் இணைத்து எழுதியபோது, திருத்துகிறவர் நிச்சயம் ஒரு நொடி நிற்பார் என்று எனக்குத் தெரிந்தது. இந்த ஒரு இணைப்பை வரலாறு, பண்பாடு, பாலிட்டி, நிர்வாகத்தில் நேர்மை என எங்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். வேறெதுவும் நினைவில் இல்லாவிட்டாலும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

காலியாகக் கிடந்த வருடங்களைப் பற்றிப் படிக்காமல் மெயின்ஸுக்குப் போகாதீர்கள். 243யூ ஐந்தாண்டு என்கிறது, பதவிக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்கிறது. நடந்தது என்ன? 2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் நடக்க இருந்த தேர்தலை, பழங்குடியினர் ஒதுக்கீடு முறையாக இல்லை என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு கிராமங்களுக்கு 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில், மீதி 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரில், நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில். நகரங்களில் ஐந்து வருடத்துக்கும் மேலாகக் கவுன்சிலரே இல்லை, தனி அலுவலர் ஆட்சி. எங்கள் தெருவில் குழாயில் சாக்கடைத் தண்ணீர் கலந்து வந்தபோது, காலையில் கதவைத் தட்டிச் சொல்வதற்கு ஒரு ஆள் இல்லை. மனு எழுதினோம், பெட்டியில் போட்டோம், அவ்வளவுதான். கிராம ஊராட்சிகளில் 2025 ஜனவரியில் மறுபடி அதே கதை: 2019-இல் தேர்வானவர்களின் காலம் முடிந்து, தனி அலுவலர்கள் வந்தார்கள்.

இதோடு கிஷன்சிங் தோமர் வழக்கை (2006) சேருங்கள். குறித்த காலத்துக்குள் தேர்தல் நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையத்தின் கடமை என்று உச்ச நீதிமன்றம் அதில் சொன்னது. கூடவே: ஜாவேத் (2003), இரண்டு குழந்தைக்கு மேல் இருப்பவர் போட்டியிட முடியாது என்ற விதி. கிருஷ்ணமூர்த்தி (2010), ஒதுக்கீடு செல்லும். ராஜ்பாலா (2015), வேட்பாளருக்கு ஹரியானா வைத்த கல்வித் தகுதி. நான்கு போதும்.

சாதியைத் தொடாமல் உள்ளாட்சி பற்றி விடை எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய, பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனி ஊராட்சிகளில் 1996-க்குப் பிறகு பத்து வருடம் தேர்தலை நடக்கவிடவில்லை. 2006-இல்தான் நடந்தது. மேலவளவில் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் இன்னும் ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று கொல்லப்பட்டார்கள். அரசியலமைப்பு ஒரு நாற்காலியைக் கொடுத்தும் அதில் உட்கார விடாத ஊர்கள் இருந்தன என்று எழுதுங்கள். பயந்து மழுப்பாதீர்கள். நிர்வாகப் பணிக்கு வருகிறவர் இதைத் தெரிந்து வைத்திருக்கிறாரா என்பதுதான் கேள்வியே.

படித்த விதம். எனக்குக் குழுவாக உட்கார்ந்து படிப்பது ஒத்துவராது, உங்களுக்கும் வேண்டாம் என்றே சொல்வேன். நான்கு பேர் சேர்ந்தால் கட்-ஆஃப் பேச்சுதான் ஓடும். வீடியோ வகுப்பும் பெரிதாக உதவவில்லை. கையால் எழுதியது மட்டுமே தங்கியது. விடியற்காலையில் ஒரு தலைப்பு, ஒரு தாள், கடிகாரம். சாயங்காலம் அதே விடையைத் திறந்து, எங்கள் ஊரிலிருந்து ஒரு உதாரணம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் திரும்ப எழுதுவேன்.

சேர்த்துக்கொள்ள இன்னும் சில, வரிசை கிடையாது:

- நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998, விதிகளோடு 2023-இல்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய 1920 மாவட்ட நகராட்சிகள் சட்டத்தை மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள்.
- கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளும் சேர்ந்தவை.
- நகரத்தில் பகுதி சபை, 2022 நவம்பர் 1 முதல்.
- மாநிலச் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு, நிதி ஆணையப் பரிந்துரை வழியே.
- மாற்றுத்திறனாளிகளுக்கு நியமன உறுப்பினர் பதவி: 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் வந்த மசோதாக்கள்.

நேர்முகத் தேர்வில் சொந்த ஊரைப் பார்த்ததும் பேச்சு பேரூராட்சிக்கு வந்தது. "பெண் கவுன்சிலர் பெயரில் கணவர்தானே நிர்வாகம் செய்கிறார், 50 சதவீதத்தால் என்ன பயன்?" என்ற தொனியில் ஒரு கேள்வி. அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அது தேவையில்லை என்று நினைத்தேன். கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தில் உறுப்பினரே கையெழுத்திட வேண்டும், உறவினரைக் கூட்ட அறைக்குள் விடக்கூடாது, பதவியேற்றவுடன் மன்ற விதிகளிலும் வரவு செலவுத் திட்டத்திலும் பயிற்சி வேண்டும், செயல் அலுவலர் கோப்பை உறுப்பினரிடமே பேச வேண்டும் என்று வரிசையாகச் சொன்னேன். அதிகாரி கணவருக்கு ஃபோன் செய்வதை நிறுத்தினாலே பாதி சரியாகிவிடும் என்றும் சொன்னேன். அடுத்த கேள்வி அதன் மேலேயே வந்தது, பேச்சு நீண்டது.

நேர்முகத் தேர்வுக்குப் போவதற்கு முன் உங்கள் ஊர் உள்ளாட்சி அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் போய் இவற்றைக் குறித்து வாருங்கள்: மொத்த வார்டுகள், அதில் பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் எத்தனை, தலைவர் பதவி எந்த ஒதுக்கீடு, சொத்துவரி வசூல், குடிநீர் எங்கிருந்து வருகிறது, குப்பை எங்கே போகிறது, கடைசிக் கூட்டத்தில் என்ன தீர்மானம் போட்டார்கள். கவுண்டரில் கேட்டால் சிலர் சொல்ல மாட்டார்கள். தீர்மானப் புத்தகத்தைப் பார்க்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு மனு போடுங்கள், பதிலுக்கு முப்பது நாள் ஆகும். அதனால் மெயின்ஸ் முடிந்த வாரமே போட்டுவிடுங்கள்.