பெயரின் முதல் எழுத்து

இன்று காலை லித்துவேனியத் தலைநகர் வில்னியஸில், போலிஷ் வம்சாவளியினரான பக்கத்து வீட்டு அம்மையார் தம் புதிய அடையாள அட்டையை என் கையில் கொடுத்து, குடும்பப் பெயரின் முதல் எழுத்தை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினார்.

பழைய அட்டையில் 'வி' இருந்த இடத்தில் இப்போது 'டபிள்யூ' இருக்கிறது.

தமிழில் எழுதினால் இரண்டுமே 'வ'தான். போலிஷ் மொழியில் அவர் பெயரை அழைக்கும் ஒலியும் மாறவில்லை. ஆனாலும் ராசோஸ் கல்லறைத் தோட்டத்தில் தாத்தாவின் கல்லில் ஓர் எழுத்தும், பேத்தியின் ஆவணங்களில் வேறோர் எழுத்தும் இருந்தது அவரை வாழ்நாள் முழுவதும் உறுத்தியிருக்கிறது.

லித்துவேனிய மொழியின் 32 எழுத்துகளில் க்யூ, டபிள்யூ, எக்ஸ் ஆகிய மூன்றும் இல்லை. 2022 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றி, மே 1 அன்று நடைமுறைக்கு வந்த சட்டமே அவற்றுக்குக் குடிமைப் பதிவேட்டில் வழி திறந்தது. அப்போதைய நீதி அமைச்சர் எவெலினா டோப்ரோவோல்ஸ்காவும் தம் பெயரைப் போலிஷ் முறைக்கு மாற்றிக்கொண்டார்.

அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்களின் அச்சத்தையும் நான் மதிக்கிறேன். 1864 முதல் 1904 வரை லித்துவேனிய மொழியை லத்தீன் எழுத்தில் அச்சிட ரஷ்யப் பேரரசு தடை விதித்திருந்த காலத்தில், புத்தகங்களை எல்லை தாண்டிக் கடத்தி வந்து தம் மொழியைக் காத்த மக்கள் எழுத்துக்காகப் பதறுவது இயல்பே.

அம்மையாருடைய கணவரின் பெயரில் குறுக்குக் கோடிட்ட 'எல்' ஒன்று உண்டு. அந்தச் சட்டம் துணைக்குறிகளை அனுமதிக்காததால், அவருடைய அட்டையில் அது கோடில்லாமலே நிற்கிறது.