ஐந்தடி மூன்றங்குலத்துக்கு ஒரு ஸ்டார்ம்ட்ரூப்பர்: கவசம் கட்டும் நாட்குறிப்பு

ஏப்ரல் 6, 2024, சனி

பெட்டி வந்துவிட்டது. என் இடுப்பு உயரம் இருக்கிறது. உள்ளே வெள்ளை ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் மார்பு, முதுகு, வயிறு, தொடை, கீழ்க்கால், கை என்று எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று செருகி வைத்திருக்கிறார்கள். எந்தத் துண்டும் இன்னும் வெட்டப்படவில்லை. இளகிய பிளாஸ்டிக் தகட்டை அச்சின் மேல் போர்த்தி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கும் வாக்யூம் ஃபார்மிங் முறையில் செய்தது. அதனால் ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் வேண்டாத ஓரம் அகலமாக நீட்டிக்கொண்டிருக்கிறது. அதை வெட்டி, உடம்புக்குப் பொருத்தி, ஒட்டி, வார் போட்டால்தான் கவசம்.

எதற்கு இது என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். பள்ளிக்கூட நாளில் ஸ்டார் வார்ஸ் முதல் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பிடித்தது கதாநாயகர்கள் இல்லை, பின்னால் வரிசையாக நிற்கும் அந்த முகம் தெரியாத வெள்ளைச் சிப்பாய்கள், ஸ்டார்ம்ட்ரூப்பர்கள். வேலைக்காக லண்டனில் ஹாரோ வந்த பிறகுதான் தெரிந்தது, அந்தப் படம் 1976இல் எடுக்கப்பட்ட எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோ பக்கத்தில் போர்ஹாம்வுட்டில்தான் இருக்கிறது என்று. கவசத்தைக் களிமண்ணில் செதுக்கிய பிரையன் ம்யூர் இங்கிலாந்துச் சிற்பி. ஹெல்மெட்டுகளைச் செய்து கொடுத்த ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த்தின் பட்டறை ட்விக்கன்ஹாமில். விண்வெளியில் நடப்பதாக நான் நம்பிய எல்லாம் என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள் உருவானவை.

ஏப்ரல் 7, ஞாயிறு

எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் கழுவினேன். அச்சிலிருந்து வந்த பிசுக்கு இருந்தால் பசை பிடிக்காது. காய்ந்ததும் மாஸ்கிங் டேப்பில் இடது, வலது, முன், பின் என்று எழுதி ஒட்டினேன். மேல் கையின் பாதிகளும் முன்கையின் பாதிகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன, மாற்றி ஒட்டினால் போச்சு. கீழ்க்கால் துண்டுகளில் குழப்பமில்லை. இடது காலுக்குத்தான் முட்டியில் தனித்தகடு வரும்.

ஏப்ரல் 13, சனி

இன்று வெட்டத் தொடங்கினேன். இரண்டு மில்லிமீட்டர் தடிமன் உள்ள தகட்டை முழுக்க அறுக்கத் தேவையில்லை. ஸ்டீல் ஸ்கேலை வைத்துக் கத்தியால் இரண்டு மூன்று முறை மெதுவாகக் கோடு இழுக்க வேண்டும். பாதி ஆழம் போனதும் முன்னும் பின்னும் மடக்கினால் கோட்டோடு சுத்தமாக உடைந்து வந்துவிடும். அழுத்தி ஒரே இழுப்பில் வெட்டப் பார்த்தால் கத்தி வழுக்கிக் கவசத்தின் முகப்பில் கீறிவிடும். வளைவுகளுக்கு ரிமோட் கார் பாடி வெட்டுகிற வளைந்த கத்தரிக்கோல். பிறகு உப்புத்தாள், 120, 240, 400 என்று வரிசையாக.

கேரேஜ் முழுக்க வெள்ளைத் தூள். மாஸ்க் போட்டுக்கொண்டுதான் தேய்க்கிறேன். வெட்டிய ஓரங்களை எறியவில்லை. இந்தத் துண்டுகளை அசிட்டோனில் ஊறப்போட்டால் கரைந்து கூழாகும், இடைவெளி அடைக்க அதைவிட நல்ல பொருள் இல்லை. கவசமும் அதே பிளாஸ்டிக் என்பதால் நிறமும் பொருந்தும்.

ஏப்ரல் 20, சனி

முன்கைகள். இரண்டு பாதிகளையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து, உள்ளே ஒரு பட்டை, வெளியே ஒரு பட்டை ஒட்ட வேண்டும். வெளிப்பட்டை கைகளுக்கு 15 மில்லிமீட்டர், கால்களுக்கு முன்னால் 20, பின்னால் 25. ட்ரூப்பர் கட்டுகிறவர்கள் எல்லாரும் வைக்கிற அளவு இது. என் கை ஒல்லி, அதனால் நிறைய வெட்ட வேண்டும். ஆனால் ஒரு பாதியில் மட்டும் வெட்டினால் இணைப்புக் கோடு ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். இரண்டு பாதியிலும் சமமாக எடுத்தால்தான் பட்டை நடுவில் நிற்கும்.

பசை விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. சூப்பர் குளூ வேண்டாம். உடனே பிடித்துக்கொள்ளும், சரிதான், ஆனால் விறைப்பாகக் காய்வதால் எங்காவது இடித்தால் பட்டென்று விட்டுவிடும். ஈ6000 என்ற பசை காய்ந்த பிறகும் ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும். ஒட்டியது பிடிக்கவில்லை என்றால் பொறுமையாக உரித்தெடுத்து மறுபடி ஒட்டலாம். முழுப் பலம் வர 24 முதல் 72 மணி நேரம் ஆகும். அதுவரை உள்ளேயும் வெளியேயும் நியோடிமியம் காந்தங்களை ஜோடியாக வைத்து இறுக்கிப் பிடிக்க வேண்டும். நாற்றம் கடுமை, கேரேஜ் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

மணிக்கட்டுப் பக்கம் உள்நோக்கி மடிந்த ஓரம் ஒன்று இருந்தது. முழுதும் எடுத்துவிட்டேன். அது இருந்தால் கை நுழையாது.

மே 4, சனி

அப்பா பாளையங்கோட்டையிலிருந்து வந்து சேர்ந்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் தையல் கடை வைத்திருந்தவர். கேரேஜைத் திறந்து காட்டினேன். மார்புத் தகட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது யாரு அளவும்மா?"

ஐந்தடி பத்துக்கு மேல் உள்ள ஆண்களுக்கு என்றேன். நான் ஐந்தடி மூன்று.

"அப்போ இது ரெடிமேட். ஆல்டர் பண்ணணும். அளவெடுத்தியா?"

எடுத்திருந்தேன். நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு மூடிவிட்டார். "நின்னுகிட்டு எடுத்த அளவு பத்தாதும்மா. உக்காந்து எடுக்கணும், குனிஞ்சு எடுக்கணும், கைய மடக்கி எடுக்கணும். அந்தக் கருப்பு உடுப்பப் போட்டுட்டு வா, அதுக்கு மேலதான் டேப்பு வைக்கணும்."

உள்ளே போடும் கருப்பு உடையோடு அரை மணி நேரம் நிற்கவும் உட்காரவும் வைத்து அளவெடுத்தார். முழங்காலை மடக்கும்போது தொடையின் சுற்றளவு எவ்வளவு கூடுகிறது என்பது வரை நோட்டில் இருக்கிறது. ட்ரூப்பர் கட்டும் வழிகாட்டிகள் எதிலும் இவ்வளவு நான் பார்க்கவில்லை.

மே 6, திங்கள், வங்கி விடுமுறை

தொடைத் துண்டுகள். இவைதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தன. நீளம் குறைத்தே ஆக வேண்டும். மேலே வெட்டுவதா கீழே வெட்டுவதா? அப்பா கீழ் ஓரத்தில் ஓடும் மேட்டைக் காட்டி இது எதற்கு என்றார். வலது தொடையில் தோட்டாப் பெட்டிகள் கொண்ட பட்டை அந்த மேட்டில்தான் உட்காரும் என்றேன்.

"கரை வச்ச துணி மாதிரிதான். கரையில கை வைக்கக் கூடாது, மேல பிடிக்கணும்."

மேல் ஓரத்தில்தான் வெட்டினோம். முன்பக்கத்தைவிட உள்பக்கம் இன்னும் தாழ்வாக, இடுப்பு மடங்க இடம் விட்டு. ஒரேயடியாக வெட்டாமல், வெட்டி, டேப்பால் ஒட்டி, மாட்டி, கேரேஜுக்குள் நடந்து, மறுபடி வெட்டி. முழங்காலுக்குப் பின்னால் கீழ்க்கால் கவசத்தின் ஓரம் சதையைக் கிள்ளியது. அங்கேயும் பிறை வடிவில் எடுத்துவிட்டேன்.

வயிற்றுத் தகடு நீளம் என்றாலும் அதைத் தொடவே இல்லை. மார்புத் தகடு அதன் மேல் ஏறி நிற்பதால் கூடுதல் உயரம் அடியில் மறைந்துவிடுகிறது. பக்கவாட்டில், இடுப்புத் தகட்டோடு சேரும் இடத்தில் மட்டும் இரண்டு பக்கமும் குறைத்தோம்.

மே 11, சனி

காய்கிறது. வேலை இல்லை.

மே 18, சனி

ஹெல்மெட். இதற்காகத்தான் இத்தனையும்.

முகம் ஒரு துண்டு, மண்டையும் பிடரியும் ஒரு துண்டு. காதுப் பகுதியில் இரண்டும் சேரும், மேலே காது மூடியை ஸ்க்ரூ போட்டு முடுக்க வேண்டும். அந்தக் காது மூடிதான் பெரிய வேலை. கீழே உள்ள வளைவு எங்கும் ஒரே மாதிரி இல்லை. பென்சிலால் கோடு வரைந்து, ஒரு மில்லிமீட்டர் ஒரு மில்லிமீட்டராகத் தேய்த்து, வைத்துப் பார்த்து, மறுபடி தேய்த்து என்று ஒரு காதுக்கே மாலை ஆகிவிட்டது.

முகத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கண்ணும் ஒன்றுபோல் இல்லை. வாயும் நேராக இல்லை. கிட் செய்தவர் குறை இல்லை இது. மூல அச்சே அப்படித்தான், கையால் செதுக்கியது. கணினியில் வரைந்து இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஆக்கிய ஹெல்மெட்டுகளும் விற்கிறார்கள், அவற்றைப் பார்த்தால் எனக்கு எதுவும் தோன்றுவதில்லை. இந்தக் கோணலில்தான் அந்தச் சோகமும் மிரட்டலும் சேர்ந்த முகபாவமே இருக்கிறது.

இந்த ஹெல்மெட் மேல் ஒரு வழக்கே நடந்தது. படத்தை எடுத்த லூகாஸ்ஃபில்ம் நிறுவனம் ஐன்ஸ்வொர்த் மேல் போட்ட வழக்கில், ஹெல்மெட் ஒரு சிற்பம் ஆகாது, படம் எடுக்கப் பயன்பட்ட ஒரு பொருள் மட்டுமே என்று 2011 ஜூலையில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் கண்ணுக்கும் புருவத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் விடுவது என்று ஒரு சாயங்காலம் முழுக்கத் தவித்த எனக்கு, இதைச் செதுக்கிய கை சிற்பியின் கை என்பதில் சந்தேகமே இல்லை. புருவத்தில் கருப்பு ரப்பர் பட்டையைச் சற்று இறக்கி வைத்ததும் முகம் கோபமாக மாறியது. கொஞ்சம் ஏற்றினேன், அப்பாவியாகிவிட்டது. நடுவில் நிறுத்தினேன்.

ஜூன் 1, சனி

பெயின்ட். கன்னத்துக் கோடுகளுக்கு ஹம்ப்ரால் 14, ஃப்ரெஞ்ச் ப்ளூ. வாய்க்குச் சாம்பல். கண்ணுக்குக் கீழே உள்ள கட்டங்களுக்கும் சாம்பல், மேலே கருப்புக் கோடுகள். முதல் படத்தில் இவை கையால் தீட்டப்பட்டவை. ஸ்டிக்கர் ஒட்டும் பழக்கம் பின்னால் வந்தது. எனக்குக் கைவேலைதான் வேண்டும். பென்சிலால் மெல்லிய கோடு, நுனி மெலிந்த பிரஷ், மூச்சை அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக. எனாமல் பெயின்ட் என்பதால் வழிந்தாலும் காய்வதற்குள் காது குடையும் பஞ்சில் வைட் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடலாம். கோடுகள் அச்சடித்தது போல் இல்லை, இருக்கவும் கூடாது.

கண்ணுக்கு உள்ளே கரும்பச்சை லென்ஸ் பொருத்தினேன். அப்பா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னத்தையோ பாத்துகிட்டே இருக்கான்" என்றார்.

ஜூன் 15, சனி

வார்கள். இது அப்பாவின் நாள்.

கவசம் உடம்பில் தங்குவது பிளாஸ்டிக்கால் இல்லை, உள்ளே யார் கண்ணுக்கும் தெரியாத நாடாக்களால்தான். நைலான் நாடாத் துண்டுகளில் டிச் பட்டன் அடித்து, அவற்றைத் தகடுகளின் உட்புறம் ஒட்டி, இடையில் எலாஸ்டிக்கோ நாடாவோ மாட்ட வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் எலாஸ்டிக் வாங்கி வைத்திருந்தேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. மேலிருந்து கீழே எடை தாங்குகிற இடத்துக்கு இழுபடாத நைலான் நாடா, பக்கவாட்டில் மூச்சு விட இடம் வேண்டிய இடத்துக்கு எலாஸ்டிக் என்று பிரித்தார். தோளிலிருந்து மேல் கை, மேல் கையிலிருந்து முன்கை, அங்கெல்லாம் எலாஸ்டிக். தொடைகள் இடுப்பு பெல்ட்டிலிருந்து நாடாவில் தொங்கும். தெரிந்தவர் வீட்டு மிஷினை வாங்கி வந்து எல்லாவற்றையும் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார். உள்ளே யாரும் பார்க்க மாட்டார்கள் என்றேன். "போடுறவ பாப்பா இல்ல?" என்றார்.

ஜூன் 29, சனி

முதல் முறையாக முழுதாக அணிந்தேன். கீழிருந்து மேலே போக வேண்டும். வெள்ளை பூட்ஸ், கீழ்க்கால், தொடை, கழுத்துப் பட்டை, வயிறும் முதுகும், கைகள், மார்பு, பெல்ட், கடைசியில் ஹெல்மெட். தனியாக முடியவே முடியாது. முதுகுப் பக்கத்து டிச் பட்டன்களுக்கு என் கை எட்டாது. கணவர் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம்.

உட்கார முடியாது. படி ஏற ஒருவர் கையைப் பிடிக்க வேண்டும். நேரே இருப்பது தெரியும், தரை தெரியாது, பக்கவாட்டு அறவே இல்லை. முதல் படத்தில் ஒரு ட்ரூப்பர் உள்ளே நுழையும்போது கதவு நிலையில் தலையை இடித்துக்கொள்வது ரசிகர்களுக்கெல்லாம் தெரிந்த காட்சி. உள்ளே இருந்து பார்த்த பிறகு, மற்றவர்கள் எல்லாரும் இடிக்காமல் நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

முழங்கையை மடக்கினேன், குனிந்தேன், பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கை காட்டினேன். எங்கும் கிள்ளவில்லை. ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த உருவம் குள்ளமாகத் தெரியவில்லை, அளவாகத் தெரிந்தது. முட்டி முட்டியில் இருக்கிறது, இடுப்பு இடுப்பில் இருக்கிறது, அதனால்தான்.

ஜூலை 13, சனி

501வது லீஜியனின் பிரிட்டன் கிளைக்கு, யுகே கேரிசனுக்கு, முன், பின், பக்கவாட்டுப் படங்களை அனுப்பியிருந்தேன். 1997இல் ஆல்பின் ஜான்சன் அமெரிக்காவில் தொடங்கிய, ஸ்டார் வார்ஸ் உடை அணியும் ரசிகர்களின் அமைப்பு. படத்தில் உள்ளதுபோல் உடை இருந்தால்தான் சேர்ப்பார்கள், உயரத்துக்கு விதி கிடையாது. மருத்துவமனைகளுக்கும் நிதி திரட்டும் நிகழ்ச்சிகளுக்கும் போவார்கள், தங்களுக்கென்று கூலி வாங்க மாட்டார்கள்.

பதில் வந்தது. பெல்ட்டில் தொங்கும் பெட்டிகள் இரண்டும் பெல்ட் மேல் இருக்கும் தோட்டாப் பட்டையின் முனையோடு நேராக நிற்க வேண்டும், இடதுபக்கம் சற்று உள்ளே தள்ளியிருக்கிறது என்றார்கள். எலாஸ்டிக்கை நகர்த்தி, மறுபடி படம் எடுத்து அனுப்பினேன். சாயங்காலமே சேர்த்துக்கொண்டார்கள். டிகே (TK) என்று தொடங்கும் உறுப்பினர் எண் இப்போது எனக்கும் உண்டு. கணவர் இனிப்பு வாங்கி வந்தார்.

துப்பாக்கி மட்டும் பாக்கி. படத்தில் இருப்பது ஸ்டெர்லிங் சப்மெஷின் கன்னை வைத்துச் செய்தது, அந்த ஸ்டெர்லிங்கும் இந்த லண்டனின் டேகன்ஹாமில் தயாரானதுதான். எனக்கு ரெசினில் செய்த கிட் போதும். வெளியே கொண்டுபோகும்போது மூடிய பையில்தான் கொண்டுபோக வேண்டும். அப்பா ஊருக்குப் போவதற்குள் ஹோல்ஸ்டரை, அதாவது துப்பாக்கி உறையை, தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சாமான் கைக்கு வராமல் அளவெடுக்க மாட்டாராம், அதனால் இன்றே ஆர்டர் போட்டுவிட்டேன்.